டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எமெசிஸ்’ என்று எழுதியிருந்தால் என்ன பொருள்?

கேட்டவர் தன் அம்மாவை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எமெசிஸ் × 3, நான்-பிலியஸ், நான்-ப்ளடி’ என்று ஒரு வரி இருக்கிறது. மருந்துப் பட்டியலில் ‘ஆன்டிஎமெடிக் எஸ்.ஓ.எஸ்.’ என்று இன்னொரு வரி. “வாந்தி என்றுதான் சேர்த்தோம். இந்த எமெசிஸ் புதிதாகக் கண்டுபிடித்த நோயா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?” என்பது அவர் கேள்வி.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். எமெசிஸ் என்றால் வாந்தி. அது நோயின் பெயர் இல்லை, அறிகுறியின் பெயர். அந்த வரியைத் தமிழில் சொன்னால், ‘மூன்று முறை வாந்தி எடுத்தார், அதில் பித்தநீர் இல்லை, ரத்தமும் இல்லை’ என்று வரும். கெட்ட செய்தி எதுவும் அதில் இல்லை. கடைசி இரண்டு சொற்களும் நல்ல செய்தி. மருந்துப் பட்டியலில் உள்ள வரி, வாந்தியை நிறுத்தும் மருந்தைத் தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கலாம் என்ற குறிப்பு.

நான் இருபது வருடத்துக்கு மேல் வார்டில் செவிலியராக இருந்துவிட்டு இப்போது மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தச் சொல்லை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எமெசிஸ் கிரேக்கச் சொல். வாந்தி எடுப்பதற்குக் கிரேக்கத்தில் ‘எமெய்ன்’ என்பார்கள். லத்தீனில் அது ‘வோமெரெ’. நாம் தினமும் சொல்லும் ‘வாமிட்’ அங்கிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் ‘வம்’ என்ற வேர். வமனம் அதிலிருந்து வந்தது, நம் வாந்தியும் அதிலிருந்துதான். இந்த மூன்றும் ஒரே பழைய வேரின் கிளைகள். கிரேக்கத்தில் முன்னால் இருந்த ‘வ’ ஒலி காலப்போக்கில் உதிர்ந்துவிட்டதால் அது அடையாளம் தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். எமெசிஸும் வாமிட்டும் வாந்தியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொன்னால் மாணவிகளுக்கு அந்தச் சொல் பிறகு மறப்பதே இல்லை. உச்சரிக்கும்போது முதல் ‘எ’வில் அழுத்தம் கொடுத்து, ‘மெ’யை லேசாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

வாமிட்டிங் என்று எழுதினால் தவறா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். தவறே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் ஆர்11 என்ற குறியீட்டின் தலைப்பே ‘நாசியா அண்ட் வாமிட்டிங்’தான். பெரிய மருத்துவர்களும் ‘வாமிட்டிங்’ என்றே எழுதுகிறார்கள். எமெசிஸ் என்று எழுதினால் கூடுதல் துல்லியம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குறிப்பேட்டில் சுருக்கமாக எழுத அது வசதி, ஏனென்றால் அது பெயர்ச்சொல்லாக மட்டுமே நிற்கும். ‘டூ எபிசோட்ஸ் ஆஃப் எமெசிஸ்’ என்று எண்ணலாம், ‘எமெசிஸ் 150 மி.லி.’ என்று அளக்கலாம். வாந்தி எடுக்கும் செயலுக்கும் வெளியே வந்த பொருளுக்கும் இரண்டுக்குமே அந்த ஒரே சொல். உள்ளே போனது, வெளியே வந்தது என்று கணக்கு எழுதும் அட்டவணையில் சிறுநீருக்குப் பக்கத்தில் எமெசிஸுக்கும் ஒரு கட்டம் இருக்கும். சிறுநீரக வடிவில் வளைந்த அந்த ட்ரேயைப் பார்த்திருப்பீர்கள். நாம் கிட்னி ட்ரே என்போம். புத்தகங்களில் அதற்கு ‘எமெசிஸ் பேசின்’ என்று பெயர். கன்னத்தில் அணைத்துப் பிடிக்க வசதியாகத்தான் அந்த வளைவு.

சொல்லின் பொருளை விட அதன் எல்லைதான் முக்கியம். எதை எமெசிஸ் என்று எழுதலாம், எதை எழுதக் கூடாது?

வயிற்றைப் புரட்டுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வேர்க்கிறது, ஆனால் எதுவும் வரவில்லை. இது குமட்டல். மருத்துவத்தில் நாசியா. கிரேக்கத்தில் ‘நவுஸ்’ என்றால் கப்பல். கடல் பயணத்தில் வரும் புரட்டலிலிருந்து பிறந்த சொல் அது. அடுத்தது, வயிறு எக்கி எக்கி, ‘ஓ... ஓ...’ என்று சத்தம் வருகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, அப்போதும் வெறும் வாய்தான். இது ஓங்கரிப்பு. அதை ரெட்சிங் என்பார்கள். உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து வலுவாக அழுத்தி உள்ளே இருப்பதை வாய் வழியாக வெளியே தள்ளினால்தான் எமெசிஸ். இன்னொன்றும் உண்டு. குமட்டல் இல்லை, எக்கவில்லை, குனிந்தபோதோ படுத்தபோதோ சாப்பிட்டது தானாக மேலே ஏறி வருகிறது. அது எதுக்களிப்பு, ரிகர்ஜிடேஷன். பால் குடித்த குழந்தை தோளில் கொஞ்சம் கக்குவதும் இந்த வகைதான். எதுக்களிப்பை எமெசிஸ் என்று எழுதினால் மருத்துவரின் யோசனையே வேறு பக்கம் போய்விடும்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வாந்தி வருது’ என்ற நம் வாக்கியத்துக்கு இரண்டு பொருள். வந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்று, வருவது போல இருக்கிறது என்பது இன்னொன்று. ஒருநாள் இரவுப் பணியில் ஒரு மாணவி வயதான ஒரு பாட்டியின் அட்டவணையில் ‘எமெசிஸ் × 5’ என்று எழுதி வைத்திருந்தாள். காலையில் வந்த மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, ஐந்து முறை என்றால் நீர்ச்சத்து இறங்கியிருக்குமே என்று டிரிப் ஏற்றச் சொன்னார். பாட்டியின் நாக்கு ஈரமாக இருந்தது, சிறுநீரும் நன்றாகப் போயிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, “வெளியே ஏதாவது வந்துச்சா பாட்டி?” என்று கேட்டேன். “ஒண்ணும் வரலம்மா, வர்ற மாதிரியே இருந்துச்சு, அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காந்தேன்” என்றார். ஐந்தும் குமட்டல். அவருக்கு இதயம் பலவீனம், தேவையில்லாமல் திரவம் ஏறியிருந்தால் மூச்சு முட்டியிருக்கும். அன்றிலிருந்து என் மாணவிகள் எமெசிஸ் என்று எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும்: வெளியே வந்ததா? வந்ததைப் பார்த்தது யார்?

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மருந்துகள் ஏன் இத்தனை விதம் என்பது புரியாது. வாந்தியின்போது இரைப்பை தானே இறுகி உணவைப் பீய்ச்சுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் இரைப்பை தளர்ந்துதான் கிடக்கிறது. முதலில் சிறுகுடலிலிருந்து மேல்நோக்கி ஒரு பெரிய அலை வந்து எல்லாவற்றையும் இரைப்பையில் சேர்க்கிறது. பிறகு மூச்சுக்குழாய் வாசல் மூடிக்கொள்கிறது, மேலிருந்து உதரவிதானமும் முன்னாலிருந்து வயிற்றுச் சுவரும் இரைப்பையைப் பிழிகின்றன. கட்டளை வருவது மூளைத் தண்டிலிருந்து. அங்கே ஏரியா போஸ்ட்ரீமா என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. ரத்தத்தில் உள்ள வேதிப்பொருள்கள் மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் திரை அந்த இடத்தில் தளர்வாக இருக்கும். ரத்தத்தில் நஞ்சு கலந்தால் முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகவும், காதின் சமநிலை உறுப்பிலிருந்தும், பயம், அருவருப்பு, நினைவு ஆகியவற்றிலிருந்தும்கூட அதே தண்டுக்குச் செய்தி போகிறது. நான்கு வாசல் உள்ள வீடு மாதிரி. எந்த வாசல் வழியாக வந்த வாந்தி என்று தெரிந்தால்தான் எந்தக் கதவை மூடுவது என்று தெரியும்.

அந்தக் கதவை மூடும் மருந்துதான் ஆன்டிஎமெடிக். உங்கள் அம்மாவுக்கு எழுதியிருப்பது எந்த மருந்து என்று நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் ஆன்டான்செட்ரான், டொம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைடு இவற்றில் ஒன்றாக இருக்கும். ஆன்டான்செட்ரான், குடலிலிருந்து செரோடோனின் என்ற வேதிப்பொருள் கொண்டுபோகும் செய்தியைத் தடுக்கும். மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம். பயணத்தில் வரும் வாந்திக்கு அது பெரிதாக உதவாது, ஏனென்றால் அங்கே செய்தி போவது காதிலிருந்து. அதற்கு ஹிஸ்டமின் என்ற இன்னொரு வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் வேண்டும். மெட்டோக்ளோப்ரமைடு சிலருக்கு, முக்கியமாக இளம் வயதினருக்கு, கழுத்தும் தாடையும் கோணிக்கொள்ளும் விளைவைத் தரும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் டொம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் இரண்டையுமே மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வாந்தி மாத்திரைதானே என்று ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

‘எமெடோஜெனிக்’ என்ற சொல்லைப் புற்றுநோய்ப் பிரிவில் கேட்பீர்கள். வாந்தியைத் தூண்டக்கூடியது என்று பொருள். தடுப்பு மருந்து எதுவும் தராவிட்டால் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதை வைத்து கீமோ மருந்துகளை நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் உயர்நிலை, 30 முதல் 90 வரை நடுத்தரம், 10 முதல் 30 வரை குறைவு, 10க்குக் கீழே மிகக் குறைவு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து முதல் படியில் இருக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் வருவதற்கும் அதற்குப் பிறகு வருவதற்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி மருந்து. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பிசையும். முந்தைய முறை பட்ட பாட்டின் நினைவில், மருந்து ஏறும் முன்பே, மருத்துவமனை வாசனை பட்டதுமே சிலருக்கு வாந்தி வந்துவிடும். அது நடிப்போ பயந்த சுபாவமோ இல்லை. மூளை கற்றுக்கொண்ட பாடம் அது. முதல் கீமோவிலேயே வாந்தியை நன்றாக அடக்கிவிட்டால் அந்தப் பாடம் பதியாமலே போய்விட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்டான்செட்ரானுக்கு 1991இல் அனுமதி கிடைத்தது, அப்ரெபிடன்ட் என்ற இன்னொரு ஆன்டிஎமெடிக் 2003இல் வந்தது. இவை வருவதற்கு முன்பு வாந்திக்குப் பயந்தே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் உண்டு.

இனி, பின்னொட்டாக வரும் எமெசிஸ்.

ஹீமாடெமெசிஸ் என்றால் ரத்த வாந்தி. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகிய இடங்களில் கசியும் ரத்தம் வாந்தியில் வருவது. சிவப்பு ரத்தமாக வந்தால் யாரும் சொல்லாமலே ஓடி வருவார்கள். காப்பித்தூளைக் கரைத்தது போலக் கறுப்பாக வருவதைத்தான் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் ரத்தமாக இருக்கலாம். இரைப்பை அமிலத்தில் கிடந்து நிறம் மாறிவிட்ட ரத்தம். கூடவே மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் தாமதிக்கவே கூடாது. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டு வந்த புண், கல்லீரல் கெட்டு வீங்கிய ரத்தக்குழாய் இரண்டும் முக்கியமான காரணங்கள். விடாமல் ஓங்கரித்ததில் உணவுக்குழாயின் கீழ் முனை கிழிவதும் உண்டு. அதை 1929இல் விவரித்த மல்லோரி, வைஸ் என்ற இருவர் பெயராலேயே அந்தக் கிழிசலை அழைக்கிறார்கள்.

ஹீமாடெமெசிஸோடு எப்போதும் குழப்பிக்கொள்ளப்படும் சொல் ஹீமாப்டிசிஸ். அது இருமலில் வரும் ரத்தம், நுரையீரலிலிருந்து வருவது. ஒரு அம்மா தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்து, “ரத்தமா வாந்தி எடுத்தாருங்க” என்றார். கையில் எவர்சில்வர் டம்ளர். அதற்குள் எட்டிப் பார்த்தால் சிவப்பு, ஆனால் மேலே நுரை. “முதல்ல இருமினாரா, இல்ல வயித்தைப் புரட்டுச்சாம்மா?” என்று கேட்டேன். “இருமிக்கிட்டே இருந்தாரு, அப்பத்தான் வந்துச்சு.” எண்டோஸ்கோபிக்குப் போக வேண்டியவர் நெஞ்சு எக்ஸ்ரேவுக்குப் போனார். சரியான சொல்லைக் கண்டுபிடித்தது மருத்துவப் படிப்பு இல்லை. டம்ளரைக் கீழே கொட்டாமல் கொண்டுவந்த அந்த அம்மாவின் புத்தி.

ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்பது கர்ப்பத்தில் வரும் கடுமையான வாந்தி. இதைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு. மசக்கை என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லுக்குள் இந்த நோயையும் போட்டு மூடிவிடுகிறோம். கர்ப்பிணிகளில் பத்தில் ஏழு பேருக்காவது குமட்டலோ வாந்தியோ இருக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஹைப்பரெமெசிஸ் நூறில் ஓரிருவருக்கு வருவது. கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும், தண்ணீர்கூடத் தங்காது, பட்டினியில் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் தெரியும். “எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே, நாங்கல்லாம் பெத்துக்கலையா” என்று சொல்லிச் சொல்லியே வாரக்கணக்கில் வீட்டில் படுக்கவைத்துவிடுகிறார்கள். தயாமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து மூளை பாதிக்கப்படும் அளவுக்குப் போகக்கூடிய நோய் இது. மனம்தான் காரணம் என்று ஒரு காலத்தில் புத்தகங்களே எழுதின. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் காட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் அதைச் சுரந்து தாயின் ரத்தத்தில் விடுகின்றன. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்து பழகிய பெண்களுக்கு அந்தத் திடீர் ஏற்றம் தாங்குவதில்லை. வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால், ‘மசக்கை’ என்று சொல்லாமல், எத்தனை கிலோ குறைந்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்ற இரண்டு விவரத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

எமெடிக் என்றால் வாந்தி வரவைக்கும் மருந்து. இப்போது இதன் பயன்பாடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. குழந்தை விஷம் குடித்துவிட்டால் கொடுப்பதற்காக இபிகாக் சிரப்பை வீட்டில் வைத்திருக்கும்படி அமெரிக்காவில் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2003இல் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கமே இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அதனால் நன்மை நடந்ததற்குச் சான்று இல்லை என்பதால். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கவைப்பதும் அதே கதைதான், இன்னும் ஆபத்தானது. அமிலம் போன்றவை திரும்பி வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை எரிக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தியே மூச்சை அடைத்துவிடும். குடித்த பாட்டிலை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புவதுதான் செய்ய வேண்டியது.

‘நான்-பிலியஸ்’ என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேயும் நம் பேச்சும் மருத்துவ மொழியும் மோதுகின்றன. நாம் கசப்பாக, மஞ்சளாக எது வந்தாலும் ‘பித்த வாந்தி’ என்போம். தலை சுற்றினாலும் பித்தம் என்போம். மருத்துவர் ‘பிலியஸ்’ என்று எழுதினால் அது கல்லீரலில் சுரந்து சிறுகுடலில் சேரும் பித்தநீர், பெரும்பாலும் பச்சை நிறம். வெறும் வயிற்றில் பலமுறை வாந்தி எடுத்த பெரியவருக்குக் கடைசியில் கொஞ்சம் பித்தநீர் வருவது சாதாரணம். பிறந்து சில நாளே ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை குடல் முறுக்கிக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே குடல் செத்துப்போகும். அதனால்தான் அந்த ஒரு நிறத்துக்காக இத்தனை பேர் இத்தனை முறை கேட்கிறார்கள். உங்கள் அம்மாவின் தாளில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘நான்’ இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் ட்ரேயைப் பார்த்து, நிறத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்று பொருள்.

மருத்துவரிடம் பேசும்போது நீங்கள் எமெசிஸ் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாந்தி, குமட்டல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு, கக்கல் என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழர்கள் வந்து ‘சத்தி எடுத்தது’ என்பார்கள், அதுவும் வாந்திதான். இதில் எது நடந்தது என்று சரியாகச் சொன்னால் போதும், கிரேக்கத்தில் மாற்றி எழுதுவது எங்கள் வேலை. எத்தனை முறை, எவ்வளவு, என்ன நிறம், சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில், கூடவே வயிற்று வலி, காய்ச்சல், தலைவலி உண்டா, இவற்றையும் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வரும் வாந்தியை வயிற்றுக் கோளாறு என்று நீங்களே முடிவுசெய்துவிடாதீர்கள், தலையையும் பார்க்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு, அதுவும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வையும் வாந்தியுமாக மாரடைப்பு வந்து நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று போட்ட மாத்திரையை வாந்தியோ குமட்டலோ இருந்தால் மட்டும் கொடுங்கள், வேளை தவறாமல் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கொடுங்கள். மறுபடி வாந்தி எடுத்தால் ஒரு காகிதத்தில் நேரத்தையும் நிறத்தையும் எழுதி வையுங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ காப்பித்தூள் போலவோ இருந்தால், எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றால், பேச்சு குழறினால், அந்தக் காகிதத்தையும் பழைய சம்மரியையும் எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிடுங்கள்.